பெப்பு மலை மேல ஒரு யூனிவர்சிட்டி: பாதிப் பேர் வெளிநாட்டுல இருந்து வந்த கதை

நான் எட்டு வருஷம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல வெளிநாட்டு மாணவர்கள் பிரிவுல வேலை பாத்தேன், காலேஜ் பேர் வேண்டாம். ஏர்போர்ட் போய் கூட்டிட்டு வர்றது, வந்த 14 நாளுக்குள்ள ரெஜிஸ்ட்ரேஷன் போட்டு விடறது, விசா நீட்டிக்க போனஃபைடு வாங்கிக் குடுக்கறது, காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்கு கூட போறது, இதான் வேலை. அவங்களுக்கு தனி ஹாஸ்டல் பிளாக், தனி மெஸ். நல்லா பாத்துக்கறோம்னு நெனச்சுதான் அப்படி வச்சிருந்தாங்க, நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். தான்சானியால இருந்து வந்த ஒரு பையன் படிப்பு முடிச்சு ஊருக்கு கெளம்பற அன்னிக்கு, பெட்டியெல்லாம் கார்ல ஏத்திட்டு இருக்கும்போது, இந்த நாலு வருஷத்துல ஒரு க்ளாஸ்மேட் வீட்டுக்குக்கூட சாப்பிட போனதில்ல சார்னு சொன்னான். கொறையா சொல்லல, பேச்சுவாக்குல சொன்னான். ஏர்போர்ட் வரைக்கும் எனக்கு பேச்சே வரல.

அப்போ எங்க ஆபீஸ் செவுத்துல வெளிநாட்டு யூனிவர்சிட்டிகளோட எம்ஓயூ, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், போட்ட போட்டோக்கள் வரிசையா தொங்கிட்டு இருந்துச்சு, அதுல பாதிக்கு மேல கையெழுத்து போட்டதோட சரி, ஒரு பையன் போனதும் இல்ல வந்ததும் இல்ல.

அதுக்கப்புறம்தான் வேற எங்கயாவது இத ஒழுங்கா பண்ணிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். அமெரிக்கா, லண்டன் யூனிவர்சிட்டிகள எடுத்துக்கிட்டு பிரயோஜனம் இல்ல, அங்க பேருக்காகவே ஆளுங்க வருவாங்க, மொழிப் பிரச்சனையும் கிடையாது. எனக்கு வேண்டியது யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊர், உள்ளூர் மொழி வேற, பேரும் புதுசு, அப்படி ஒரு எடத்துல எப்படி நடந்துச்சுங்கறது. அப்படி கெடச்சதுதான் ஜப்பான்ல இருக்கற ரிட்சுமெய்கான் ஏசியா பசிபிக் யூனிவர்சிட்டி, சுருக்கமா ஏபியூ. சுமார் 6,000 பேர் படிக்கறாங்க, ஏறக்குறைய பாதிப் பேர் ஜப்பான்காரங்க இல்ல, 100 நாடு வட்டாரத்துல இருந்து வந்தவங்க. வாத்தியாருங்கள்லயும் பாதி அப்படித்தான்.

எப்படி ஆரம்பிச்சுது

பெப்புங்கறது கியூஷூ தீவுல ஒய்ட்டா மாகாணத்துல கடலோரமா இருக்கற ஊர். வெந்நீர் ஊத்துக்கு பேர் போனது, 2,000க்கும் மேல ஊத்து இருக்கு, ஜப்பான்லயே அதிகம், தெருவுல நடந்தா சாக்கடை மூடி இடுக்குலருந்துகூட ஆவி வரும். மக்கள்தொகை ஒரு லட்சத்து சொச்சம். குளிக்க வர்ற டூரிஸ்ட்ட நம்பி இருந்த ஊர், 90கள்ல வயசானவங்க ஊரா மாறிட்டு இருந்துச்சு, படிச்ச பசங்க டோக்கியோ ஒசாகான்னு போயிட்டே இருந்தாங்க.

மாகாண கவர்னரா 1979ல இருந்து 2003 வரைக்கும் இருந்தவர் மோரிஹிகோ ஹிரமட்சு. ஒரு கிராமம் ஒரு பொருள்னு ஒரு இயக்கம் நடத்துனாரே அவர்தான், ஒவ்வொரு கிராமமும் தன்கிட்ட இருக்கற ஒரு விஷயத்த எடுத்து உலகத்தரத்துக்கு கொண்டு போகணும்னு. தாய்லாந்து அரசாங்கம் பின்னாடி 2001ல அதையே எடுத்து அவங்க நாட்டுல பண்ணுச்சு. அவருக்கு ஒரு யூனிவர்சிட்டி வேணும், இளசுங்க ஊருக்குள்ள வரணும்.

இன்னொரு பக்கம் கியோட்டோல 1900ல ஆரம்பிச்ச ரிட்சுமெய்கான், பெரிய பழைய தனியார் யூனிவர்சிட்டி, நூறாவது வருஷத்த நெருங்கிட்டு இருந்துச்சு. அவங்களுக்கு ஒரு பயம். ஜப்பான்ல 18 வயசு ஆகறவங்க எண்ணிக்க 1992ல 20 லட்சத்த தாண்டி உச்சத்துக்கு போச்சு, அதுக்கப்புறம் எறங்குமுகம்தான், இப்போ 11 லட்சம் அளவுல வந்து நிக்குது. இருக்கற பசங்களுக்கே எல்லா காலேஜும் அடிச்சுக்கப் போறாங்கன்னு கணக்கு தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். 1983ல பிரதமர் நகசோனே காலத்துல ஒரு லட்சம் வெளிநாட்டு மாணவர்கள கொண்டு வர்றதுன்னு அரசாங்கம் ஒரு திட்டமும் போட்டுச்சு, ஆனா 90கள் நடுவுல அது பாதி தூரத்துலயே நின்னுடுச்சு, 2003லதான் அந்த எண்ணிக்கய தொட்டாங்க.

ஊருக்கு ஆள் வேணும், யூனிவர்சிட்டிக்கு எதிர்காலம் வேணும். மாகாணமும் பெப்பு நகராட்சியும் நிலமும் பெரிய தொகையும் குடுத்தாங்க, ரிட்சுமெய்கான் நடத்தறதுன்னு முடிவாச்சு. 2000 ஏப்ரல்ல மலை மேல, கீழ கடல் தெரியற மேட்டுல, ஏபியூ தொறந்துச்சு. நல்லெண்ணத்துல மட்டும் நடந்த வேலை இல்ல இது, ரெண்டு பக்கமும் தேவை இருந்ததாலதான் கஷ்டம் வந்தப்போ யாரும் கைய விடல. நம்ம ஊர்ல இந்த மாதிரி திட்டங்கள் ஆறு மாசத்துல படுத்துடறதுக்கு காரணமே அது யாரோட தேவையும் இல்லங்கறதுதான், ராங்கிங் ஃபார்ம்ல ஒரு கட்டத்த நெரப்பணும், அவ்வளவுதான்.

மூணு அம்பது

மொதல்லயே மூணு கணக்க வெளிப்படையா சொல்லிட்டாங்க. மாணவர்கள்ல 50 சதவீதம் வெளிநாடு, வாத்தியாருங்கள்ல 50 சதவீதம் வெளிநாடு, 50 நாட்டுல இருந்து ஆளுங்க வரணும். அப்போ ஜப்பான்ல இத நம்புனவங்க ரொம்ப கம்மி. கியூஷூல ஒரு மலை மேல, பேரே கேள்விப்படாத யூனிவர்சிட்டிக்கு, 50 நாட்டுல இருந்து யார் வரப்போறாங்க? அதுக்கு மேல 1997ல ஆசிய பண நெருக்கடி வேற வந்து தாய்லாந்து, இந்தோனேசியா, கொரியான்னு எங்கெல்லாம் இருந்து பசங்க வரணுமோ அங்கெல்லாம் காசு மதிப்பு செத்துப் போச்சு.

பாதிங்கற கணக்குலதான் விஷயமே இருக்குன்னு நான் நெனக்கறேன். 3,000 பேர்ல 60 பேர் வெளிநாடுன்னா, அந்த 60 பேரும் நம்ம பழக்கத்துக்கு வளைஞ்சுக்கணும், இல்லன்னா ஒதுங்கி நிக்கணும், எங்க காலேஜ்ல நடந்தது அதான். பாதிப் பேர் வெளிநாடுன்னா அந்த எடமே யார் பழக்கத்துலயும் ஓட முடியாது, எல்லாத்தையும் புதுசா பேசி முடிவு பண்ணணும். கேன்டீன்ல ஹலால் சாப்பாடு தனி கவுன்ட்டர்ல பாவம் பாத்து வைக்கற ஐட்டமா இல்லாம சாதாரண மெனுவுலயே இருக்கும், ஏன்னா சாப்பிடறவங்க அவ்வளவு பேர் இருக்காங்க.

அட்மிஷன் முறையையும் தலைகீழா மாத்துனாங்க. அதுவரைக்கும் ஜப்பான்ல டிகிரி படிக்கணும்னா பொதுவா வழி என்னன்னா, மொதல்ல அங்க போய் ஒரு மொழிப் பள்ளில ஒன்னு ரெண்டு வருஷம் ஜாப்பனீஸ் படிக்கணும், அப்புறம் என்ட்ரன்ஸ் எழுதணும், அதுல தேறலன்னா காசும் போச்சு வருஷமும் போச்சு. ஏபியூல ஜாப்பனீஸ் ஒரு எழுத்துகூட தெரியாம, சொந்த ஊர்ல உக்காந்துகிட்டே இங்கிலீஷ்ல அப்ளை பண்ணி சேரலாம். ஜப்பான்ல கல்வி வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்கும், மத்த நாட்டுல பள்ளிக்கூடம் முடியறது வேற மாசம், அதனால செப்டம்பர்லயும் ஒரு சேர்க்கை வச்சாங்க. வருஷத்துக்கு ரெண்டு பேட்ச் சேருது, ரெண்டு தடவ பட்டமளிப்பு. கேக்க சின்னதா இருக்கும். ஆனா ஒரு யூனிவர்சிட்டில டைம்டேபிள் போட்டவங்கள கேட்டுப் பாருங்க, ரெண்டு பேட்ச்னா ஒவ்வொரு சப்ஜெக்டையும் எத்தன தடவ நடத்தணும், பரீட்சை, ஹாஸ்டல் காலி பண்றதுன்னு எல்லாமே ரெட்டிப்பு வேலை.

மொழி, ரெண்டு பக்கமும்

இந்த கேஸ்ல எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இதான். இன்டர்நேஷனல் ஆகணும்னு கெளம்பற காலேஜ் பொதுவா ரெண்டுல ஒன்னு பண்ணும். ஒன்னு எல்லாத்தையும் இங்கிலீஷுக்கு மாத்திட்டு உள்ளூர் மொழிய வாசல்லயே நிறுத்திடும், இல்ல உள்ளூர் மொழில நடத்திட்டு வர்றவன் எப்படியோ கத்துக்கட்டும்னு விட்டுடும். மொதல் வழில வெளிநாட்டுப் பையன் நாலு வருஷமும் கேம்பஸுக்குள்ளயே கெடப்பான், கடைல போய் பேசத் தெரியாது, உள்ளூர்ல வேலையும் கெடைக்காது. ரெண்டாவது வழில ஆளே வர மாட்டான்.

ஏபியூ மூணாவதா ஒரு வழி எடுத்துச்சு. டிகிரி பாடங்கள்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் ரெண்டு மொழிலயும் இருக்கும், அதே பாடம் ஒரு செமஸ்டர் ஜாப்பனீஸ்ல, இன்னொரு செமஸ்டர் இங்கிலீஷ்ல. இங்கிலீஷ்ல சேர்ந்தவன் ஜாப்பனீஸ் கட்டாயம் படிக்கணும். ஜாப்பனீஸ்ல சேர்ந்த ஜப்பான் பையன் இங்கிலீஷ் படிச்சா மட்டும் போதாது, மெயின் சப்ஜெக்ட்லயும் ஒரு அளவுக்கு இங்கிலீஷ் க்ளாஸ்ல உக்காந்தே ஆகணும், பாஸ் பண்ணியே ஆகணும், இல்லன்னா டிகிரி கெடையாது. அதாவது வந்தவன் மட்டும் தடுமாறல, வீட்டுக்காரனும் தடுமாறறான். ரெண்டு பேரும் ஒருத்தன் மொழில ஒருத்தன் தப்பு தப்பா பேசி, அந்த தப்புல ஒரு சமத்துவம் வருது பாருங்க, அத எந்த நல்லிணக்க விழா நடத்தியும் வரவழைக்க முடியாது. இது போக சைனீஸ், கொரியன், மலாய்-இந்தோனேசியன், தாய், வியட்நாமீஸ், ஸ்பானிஷ்னு இன்னும் மொழிகளும் பாடத்துல இருக்கு, பக்கத்து ரூம் பையனோட மொழிய க்ளாஸ்ல படிக்கலாம்.

ஆபீஸும் அப்படித்தான். நோட்டீஸ், மெயில், ஃபார்ம் எல்லாம் ரெண்டு மொழில, கவுன்ட்டர்ல உக்காந்து இருக்கறவங்க ரெண்டு மொழியும் பேசணும். நம்ம காலேஜ்கள்ல வெளிநாட்டு மாணவர் பிரிவுன்னு ஒரு ரூம், அதுல என்ன மாதிரி ஒருத்தன் இருப்பான், ஃபீஸ் செக்‌ஷன்ல இருந்து லைப்ரரி வரைக்கும் எங்க போனாலும் அவன கூட்டிட்டு போகணும். அந்த ஒருத்தன் லீவு போட்டா வெளிநாட்டுப் பையனுக்கு அன்னிக்கு காலேஜே பூட்டுன மாதிரி. ஒரு ரூம் செய்யற வேலைய அங்க மொத்த ஆபீஸும் செய்யுது, செலவு அதிகம்தான், இல்லன்னு சொல்லல.

ஏபி ஹவுஸ்

கேம்பஸ்லயே ஹாஸ்டல், பேரு ஏபி ஹவுஸ். வெளிநாட்டுல இருந்து வர்ற மொத வருஷ மாணவர்கள் அங்கதான் தங்கணும், ஜப்பான் பசங்களும் அங்கயே தங்கறாங்க. தனி ரூமும் உண்டு, ரெண்டு பேர் பகிர்ந்துக்கற ரூமும் உண்டு, அப்படி பகிர்ந்துக்கற ரூம்ல ஒரு ஜப்பான் பையனும் ஒரு வெளிநாட்டுப் பையனுமா சேத்து வைக்கறாங்க. சமையல் கட்டு மாடிக்கு மாடி பொதுவா இருக்கும். ஒவ்வொரு மாடிக்கும் சீனியர் மாணவர்களே பொறுப்பாளரா இருப்பாங்க, அவங்களும் பல நாட்டுக்காரங்க, புதுசா வர்றவனுக்கு குப்பைய எப்படி பிரிக்கறதுல இருந்து ராத்திரி எத்தன மணிக்கு மேல சத்தம் போடக்கூடாதுங்கறது வரைக்கும் அவங்கதான் சொல்லித் தருவாங்க.

சமையல் கட்டு விஷயத்த சின்னதா நெனக்காதீங்க. ஒரு அடுப்ப பத்து நாட்டுக்காரங்க பகிர்ந்துக்கும்போது கருவாடு வாசம், மீன் சாஸ் வாசம், பன்னிக்கறி தொட்ட பாத்திரம், கழுவாம போட்ட குக்கர்னு தெனம் ஒரு பஞ்சாயத்து வரும், அத பேசித் தீக்கற எடத்துலதான் பழக்கமே உண்டாகுது. எங்க காலேஜ்ல தனி மெஸ் வச்சோம், சண்டையே வராம பாத்துக்கிட்டோம், அதனால சிநேகமும் வராம போச்சு. அந்த தான்சானியா பையன் விஷயத்துல நான் பண்ண தப்பு இதுதான்னு இந்த ஏபி ஹவுஸ் பத்தி படிச்சப்போதான் புரிஞ்சுது. ரூம் ஒதுக்கற லிஸ்ட் என் கைலதான் இருந்துச்சு, ஒரே ஒரு வருஷம் கலந்து போட்டுப் பாத்திருக்கலாம்.

கலாச்சார விழாவும் இருக்கு, இல்லாம இல்ல. மல்டிகல்ச்சுரல் வீக்னு ஒரு வாரம் இந்தோனேசியா, ஒரு வாரம் வியட்நாம், ஒரு வாரம் தாய்லாந்து, கொரியான்னு செமஸ்டர் முழுக்க ஓடும், கேன்டீன்ல அந்த நாட்டு சாப்பாடு, கடைசில பெரிய ஹால்ல ஒரு ஷோ. வித்தியாசம் என்னன்னா இந்தோனேசியா வாரத்துல மேடைல ஆடறவங்க இந்தோனேசியாக்காரங்க மட்டும் இல்ல, ஜப்பான் பையன், வியட்நாம் பொண்ணு எல்லாம் மாசக்கணக்கா ஒத்திகை பாத்து அந்த டான்ஸ ஆடுவாங்க. நம்ம பக்கம் வெளிநாட்டுப் பசங்கள கல்ச்சுரல்ஸ்ல மேடை ஏத்தி அவங்க டிரெஸ்ல ஆட விட்டு நாம கீழ உக்காந்து ஃபோன்ல எடுக்கறோம்.

இதையும் சொல்லணும், இவ்வளவு பண்ணியும் ஒரே நாட்டுக்காரங்க ஒன்னா கூடி உக்காந்துக்கறது அங்கயும் உண்டு. கொரியன் பசங்க ஒரு டேபிள், ஜப்பான் பசங்க ஒரு டேபிள். மொத வருஷம் முடிஞ்சு ஏபி ஹவுஸ காலி பண்ணிட்டு கீழ ஊருக்குள்ள வீடு எடுத்து போன பிறகு இது இன்னும் கூடும், மனுஷ சுபாவம் அது. அதனாலதான் அந்த மொத வருஷம் அவ்வளவு முக்கியம்.

காசும் வேலையும்

ஃபீஸ் வருஷத்துக்கு 13ல இருந்து 15 லட்சம் யென் அளவுல. பண நெருக்கடில அடிபட்ட நாட்டுல இருந்து இத கட்டி யாரும் வர முடியாது. அதனால ஃபீஸ்ல 30, 50, 65, 80, 100 சதவீதம்னு படிப்படியா தள்ளுபடி வச்சாங்க. இந்த படிகள் முக்கியம். நூறு சதவீதம் இல்லன்னா ஒன்னுமே இல்லன்னு வச்சா நாலு பேருக்குத்தான் கெடைக்கும், படிப்படியா வச்சா ஒரே காசுல பல வருமானக் குடும்பத்துல இருந்து பசங்க வரலாம், வகுப்புல பணக்கார வெளிநாட்டுப் பசங்க மட்டும் இருக்க மாட்டாங்க. தொடங்கறதுக்கு முன்னாடியே ஜப்பான் பெரிய கம்பெனிங்களோட தலைவர்கள், பல நாட்டு தூதர்கள்னு ஒரு ஆலோசனைக் குழு அமைச்சு ஸ்காலர்ஷிப்புக்கு நிதி தெரட்டுனாங்க. யூனிவர்சிட்டிக்கு மொத தலைவரா, நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரி, இருந்தவர் கஸுஇச்சி சகமோட்டோ.

இந்த குழுவால இன்னொரு லாபம். இந்த கம்பெனிகளுக்கு அந்தப் பசங்க யாருன்னு மொத நாள்ல இருந்தே தெரியும். ஜப்பான்ல வேலை தேடறது ஒரு தனி சடங்கு, மூணாவது வருஷத்துலயே ஆரம்பிச்சு, கறுப்பு கோட்டு போட்டு, கம்பெனி கம்பெனியா டோக்கியோவுக்கு போய் இன்டர்வியூ குடுக்கணும். கியூஷூல இருந்து போறதுக்கே காசு தீந்துடும். ஏபியூ கம்பெனிங்கள மலைக்கு வரவழைச்சுது, வருஷா வருஷம் நூத்துக்கணக்குல கம்பெனி பெப்புக்கு வந்து கேம்பஸ்லயே விளக்கம் குடுத்து இன்டர்வியூ எடுக்கறாங்க. வெளிநாட்டு மாணவனுக்கு படிப்பு முடிஞ்சா அந்த நாட்டுல வேலை கெடைக்குமா இல்லையாங்கறதுதான் மொத கேள்வி, அவன் அம்மா அப்பாவுக்கும் அதான் கேள்வி, கேம்பஸ் அழகா இருக்கறதெல்லாம் அப்புறம். படிக்கும்போது வாரத்துக்கு 28 மணி நேரம் பார்ட் டைம் வேலை பாக்கலாம்னு ஜப்பான் சட்டம் விடுது, பெப்புல ஹோட்டல், சாப்பாட்டுக் கடைன்னு வேலை இருக்கு, வயசானவங்க ஊருக்கு ஆளும் வேணும்.

ஆனா படிச்சு முடிச்சவங்க பெரும்பாலும் டோக்கியோவுக்கு, இல்ல சொந்த நாட்டுக்கு போயிடறாங்க, ஒய்ட்டாவுல தங்கறவங்க கம்மி. ஹிரமட்சு கண்ட கனவுல இந்தப் பாதி இன்னும் முழுசா நடக்கல. படிச்சவங்க இங்கயே தொழில் ஆரம்பிக்கட்டும்னு மாகாணம் 2016ல வெளிநாட்டு மாணவர்களுக்குன்னே ஒரு தொழில் உதவி மையம் பெப்புல தொறந்துச்சு.

தலைமைல யாரு

2004ல இருந்து 2009 வரைக்கும் இந்த யூனிவர்சிட்டிக்கு தலைவரா இருந்தவர் மோன்டே காசிம், இலங்கையில பொறந்தவர். கட்டிடக்கலை படிச்சுட்டு 70கள் ஆரம்பத்துல ஜப்பானுக்கு மாணவரா போனவர். வெளிநாட்டு மாணவரா வந்தவரே வெளிநாட்டு மாணவர்கள் யூனிவர்சிட்டிக்கு தலைவரானாரு. வடக்கு ஜப்பான்ல அகிடா இன்டர்நேஷனல் யூனிவர்சிட்டின்னு 2004ல தொறந்தது ஒன்னு இருக்கு, எல்லா பாடமும் இங்கிலீஷ்ல, ஒவ்வொரு மாணவனும் ஒரு வருஷம் கட்டாயம் வெளிநாட்டுல படிச்சே ஆகணும்னு விதி. அதுக்கும் 2021ல இவர்தான் தலைவரா போனாரு.

2017ல ஏபியூ இன்னொன்னு பண்ணுச்சு, அடுத்த தலைவர் யாருன்னு வெளிய அறிவிச்சு யார் வேணும்னாலும் பேர் குடுக்கலாம்னு சொன்னாங்க, நூத்துக்கும் மேல பேர் வந்துச்சு. தேர்ந்தெடுத்தது ஹருஆகி டெகுச்சின்னு ஒருத்தர, இன்டர்நெட் மூலமா ஆயுள் காப்பீடு விக்கற லைஃப்நெட் கம்பெனிய ஆரம்பிச்சவர், வாழ்க்கைல பேராசிரியர் வேலை பாக்காதவர். 2018 ஜனவரில பொறுப்பு எடுத்தாரு, வந்த உடனே தொழில் தொடங்க ஆசைப்படற பசங்களுக்குன்னு ஒரு குழு ஆரம்பிச்சாரு. துணைவேந்தர் பதவின்னா நம்ம ஊர்ல என்னென்ன பேச்சு ஓடும்னு உங்களுக்கே தெரியும், அதனால இத படிச்சப்போ எனக்கு பொறாமையாவே இருந்துச்சு.

வெளில இருந்து அங்கீகாரமும் வந்துச்சு. 2014ல ஜப்பான் அரசாங்கம் உலகத்தரத்துக்கு கொண்டு போகறதுக்குன்னு தேர்ந்தெடுத்த 37 யூனிவர்சிட்டில இதுவும் ஒன்னு, 2016ல மேனேஜ்மென்ட் படிப்புக்கு ஏஏசிஎஸ்பிங்கற சர்வதேச அமைப்போட அங்கீகாரம். இதெல்லாம் வந்தது தொறந்து 14, 16 வருஷம் கழிச்சுங்கறத மட்டும் கவனிங்க.

கதவு மூடுனப்போ

பாதிப் பேர் வெளிநாடுங்கறதுதான் பலம்னு சொன்னேன், கொரோனா வந்தப்போ அதுவே கழுத்துல கயிறா மாறுச்சு. ஜப்பான் மத்த பணக்கார நாடுகள விட ரொம்ப நாள் எல்லைய மூடி வச்சிருந்துச்சு. நடுவுல கொஞ்சம் தொறந்து, 2021 நவம்பர் கடைசில ஓமிக்ரான் வந்ததும் புதுசா வர்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு மறுபடி மூடி, 2022 மார்ச்லதான் படிப்படியா தொறந்தாங்க. சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது, ஜப்பான் மண்ண மிதிக்காம டாக்காலயும் ஹனோய்லயும் லேப்டாப் முன்னாடி உக்காந்து படிச்ச பசங்க நெலமைய நெனச்சுப் பாருங்க. பெப்பு மலைல க்ளாஸ் ரூம் காலி. ஒரு யூனிவர்சிட்டி எவ்வளவுதான் கதவ தொறந்து வச்சாலும் விசா குடுக்கறது அரசாங்கம், இந்த ஆபத்துக்கு ஏபியூகிட்ட மட்டும் இல்ல, யாருகிட்டயும் மருந்து இல்ல.

நம்ம காலேஜ்கள்ல இருந்து யாராவது இத படிச்சா, மொத்தமா காப்பி அடிக்க முடியாதுன்னு சொல்வாங்க, சரிதான். மாகாணம் நிலம் குடுக்காது, பாதி வாத்தியார வெளிநாட்டுல இருந்து எடுக்க சம்பளம் பத்தாது. ஐஐடி மெட்ராஸ் 2023ல தான்சானியாவோட சான்சிபார் தீவுல போய் ஒரு கேம்பஸே தொறந்துச்சு, அது அவ்வளவு பெரிய பேருக்கு முடியும். ஆனா ஹாஸ்டல் ரூம கலந்து ஒதுக்க காசு வேண்டாம். வர்றவனுக்கு தமிழ் ஒரு பேப்பரா வைக்க ஒரு தமிழ் வாத்தியார் போதும், நம்ம காலேஜ்ல தமிழ் வாத்தியாருக்கு பஞ்சமா? நம்ம பையனுக்கும் ஸ்வாஹிலியோ அரபியோ ஒரு செமஸ்டர் வைக்கலாம், சொல்லிக் குடுக்க ஹாஸ்டல்லயே ஆள் இருக்கான். தள்ளுபடிய படிப்படியா வைக்கறது ஒரு கமிட்டி மீட்டிங் விஷயம். பொங்கலுக்கு ஒவ்வொரு வெளிநாட்டுப் பையனையும் ஒரு க்ளாஸ்மேட் வீட்டுக்கு கூட்டிட்டு போக சொல்றதுக்கு எந்த எம்ஓயூவும் வேண்டாம்.

ஹிஜில ஒரு நிலம்

இதுவரைக்கும் சொன்னது வந்து படிச்சுட்டு போறவங்க கதை. வந்து தங்கிட்டவங்க கதை வேற. ஏபியூ வந்த பிறகு பெப்புல முஸ்லிம்கள் நெறைய பேர் குடியேறுனாங்க, மாணவர்களா வந்தவங்க, வாத்தியாரா வந்தவங்க, கல்யாணம் பண்ணி கொழந்தை பெத்தவங்க. ஊருக்குள்ள ஒரு பள்ளிவாசலும் வந்துச்சு. அப்புறம் காலம் போகப் போக சாவும் வருமே. ஜப்பான்ல 99 சதவீதத்துக்கும் மேல ஒடம்ப எரிக்கறதுதான் வழக்கம், இஸ்லாத்துல பொதைக்கணும். பொதைக்க எடம் நாட்டுலயே விரல் விட்டு எண்ணற அளவுதான், கியூஷூ பக்கம் அவங்களுக்குன்னு ஒன்னுமே இல்ல.

பெப்பு முஸ்லிம் சங்கம் பக்கத்துல இருக்கற ஹிஜிங்கற சின்ன டவுன்ல மலைப்பக்கமா நிலம் வாங்கி, ஒரு கத்தோலிக்க மடத்துக்கு பக்கத்துல, கல்லறை அமைக்க முயற்சி எடுத்துச்சு. முன்னால நின்னு நடத்துனவங்கள்ல ஏபியூ பேராசிரியரும் ஒருத்தர். நிலத்தடித் தண்ணி கெட்டுடும்னு உள்ளூர் மக்கள் எதிர்த்தாங்க, கையெழுத்து வாங்குனாங்க. பேச்சுவார்த்தை வருஷக்கணக்கா இழுத்துச்சு. கடைசில டவுனுக்கு சொந்தமான வேற நிலத்துக்கு மாத்திக்கறதுன்னு 2023ல அந்த வட்டாரத்து மக்களோட ஒரு உடன்பாடு வந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல டவுன் மேயர் தேர்தல், நிலத்த விக்க மாட்டேன்னு சொன்னவர் ஜெயிச்சாரு.

ஹிஜி மக்கள கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன், தண்ணிக்கு பயப்படறது எந்த ஊர்லயும் நியாயமான பயம், அத ஆய்வு பண்ணி பொறுமையா எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் யூனிவர்சிட்டியா இருந்திருக்கணும்னு எனக்கு தோணுது. 18 வயசுல ஒருத்தன கூப்பிட்டு ஏபி ஹவுஸ்ல ரூம் குடுத்து, மொழி சொல்லிக் குடுத்து, வேலைக்கும் வழி காட்டுனது யூனிவர்சிட்டிதான், அவன் இங்கயே குடும்பமாகி பெத்த கொழந்தை செத்தா எங்க பொதைக்கறதுங்கற கேள்வி வந்தப்போ மட்டும் அது ஒரு சங்கத்தோட பாடு, ஒரு பேராசிரியரோட சொந்த முயற்சின்னு ஆயிடுச்சு. பெப்புல இன்னிக்கு ஒரு முஸ்லிம் வீட்டுல சாவு விழுந்தா, மொதல்ல எந்த ஊர்ல எடம் கெடைக்கும்னு ஃபோன் போட்டு கேக்கணும், அப்புறம்தான் அழணும்.